செவலை முதலில் போனது அம்மாவிடம்

மடிப்பாக்கத்திலிருந்து:

எங்கள் தெருவில் செவலை என்று ஒரு பெண் நாய் இருக்கிறது. காது நுனியில் சின்ன வெட்டு, கருத்தடை செய்து கொண்டுவந்து விட்டதற்கான அடையாளம். மூன்று வருடமாகத் தினமும் காலையில் டீக்கடையில் நாலு பொறை வாங்கி அதற்குப் போடுவேன். வாலை ஆட்டிக்கொண்டு வரும், தின்னும், போய்விடும். அது என் நாய் என்றே நினைத்திருந்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். செவலை எங்கள் மாடிப்படியில் ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மனசு தாங்கவில்லை. “பயப்படாதே, பயப்படாதே” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தேன். அதன் உடம்பு விறைத்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடித்தொண்டையில் உறுமியது. கையை எடுத்துவிட்டேன். இத்தனை நாள் தீனி போட்டவனைப் பார்த்து உறுமுகிறதே என்று ரொம்ப வலித்தது.

அம்மா இறங்கி வந்தார். அதற்கு இரண்டு படி மேலே, அதை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்தார். “என்னடி, பயந்துட்டியா? மழை விட்ரும்டி” என்று எப்போதும் பேசுகிற குரலிலேயே பேசினார். காலையில் கோலம் போடும்போதும், வாசலில் உட்கார்ந்து கீரை ஆயும்போதும் அதனிடம் இப்படித்தான் பேசுவார். வந்து ஒட்டி நின்றால் நெற்றியைத் தடவிக்கொடுப்பார். ஒரு பிஸ்கட் கூடப் போட்டதில்லை. பத்து நிமிடம் போயிருக்கும். செவலை ஒரு படி ஏறியது. அப்புறம் இன்னொன்று. அம்மாவின் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. அம்மா அதன் நெஞ்சை இரண்டு தடவை நீவிவிட்டுக் கையை எடுத்தார். எடுத்த கையை அது மூக்கால் முட்டி, இன்னும் வேண்டும் என்று கேட்டது. மூன்று வருடத்தில் ஒருநாளும் அது என் கையை அப்படி முட்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கொல்கத்தாவில் உள்ள ஐசர் (IISER) என்ற அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு நம் ஊர்த் தெருநாய்களையே வைத்து ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்பத் தீனி கொடுத்திருக்கிறார், வேறு சில நாய்களைத் தடவிக்கொடுத்திருக்கிறார். தடவிக்கொடுக்கப்பட்ட நாய்கள்தான் அவரை அதிகம் நம்பியிருக்கின்றன. படித்ததும் எங்கள் மாடிப்படிதான் கண்முன் வந்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் நாய்களை எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியவர். அவர் குழு 2016இல் சொன்னது: 15 நாய்களில் 13 நாய்களின் மூளை, தின்பண்டத்துக்குக் காட்டிய அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ எஜமானரின் பாராட்டுக்கும் மகிழ்ச்சி காட்டியது. அதே வருடம் புடாபெஸ்டில் செய்த ஆய்வில், பாராட்டும் சொல்லும் பாராட்டும் குரலும் சேர்ந்து வந்தபோதுதான் நாய் மூளையின் அந்த மகிழ்ச்சிப் பகுதி விழித்துக்கொண்டது. நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தை ஆறுதல், குரலோ முழுக்கப் பதற்றம். செவலை குரலைத்தான் கேட்டிருக்கிறது.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் மணி என்று ஒரு கறுப்பன். என் வண்டி திரும்பும் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பான். ஒருநாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வேட்டி, ஹெல்மெட்டோடு மச்சான் பைக்கில் வந்து இறங்கினேன். குரைத்துத் தள்ளிவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினேன், அப்பவும் நிறுத்தவில்லை. “டேய் மணி” என்றதும் காது இரண்டும் பின்னால் படிந்தது. கிட்ட வந்து என் கையை, வேட்டியை, செருப்பை என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். அதற்கப்புறம்தான் உடம்பு மொத்தமும் வளைந்து வளைந்து ஆடியது. முகத்தைவிடக் குரலும் வாசனையும்தான் அவனுக்கு நான். பாய் கடையிலிருந்து எலும்பு வாங்கி வந்திருந்தேன். அது கீழேயே கிடந்தது, அவன் ரொம்ப நேரம் என் காலை விட்டு நகரவே இல்லை.

அடையாறிலிருந்து:

குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பில் ஒரு லேப்ரடார், பரம சாது. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. தினமும் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வான், நானும் ரசித்துப் போட்டோ எடுப்பேன். ஒருநாள் அவன் கன்னத்தில் பல் பட்டுவிட்டது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டோம். வீட்டு நாய்தானே, ஊசி எதற்கு என்று பக்கத்தில் சிலர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

ராத்திரி அந்தப் பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் கொட்டாவி விடுகிறது, ஒன்றில் உதட்டை நக்குகிறது, இன்னொன்றில் முகத்தைத் திருப்பிக் கண் ஓரத்தின் வெள்ளை தெரியப் பார்க்கிறது. ‘போதும், விடு’ என்று அது மாதக்கணக்கில் சொல்லியிருக்கிறது. நான்தான் சிரிக்கிறது என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்த நாய்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வால் ஆடுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எஜமானரைக் கண்ட நாய்க்கு வால் அதன் வலப்பக்கம் அதிகம் வீசும், மிரட்டலான வேற்று நாயைக் கண்டால் இடப்பக்கம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இலேயே எழுதியிருக்கிறார்கள். கண்ணும் அப்படித்தான். வளர்ப்பவரும் அவர் நாயும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இருவர் உடம்பிலும் பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகம் 2015இல் காட்டியது. தெரியாத நாயை அதே மாதிரி உற்றுப் பார்த்தால் அது அதற்கு மிரட்டல்.

மடிப்பாக்கத்திலிருந்து, மறுபடியும்:

அக்கா, உங்கள் போட்டோ விஷயத்தைப் படித்துவிட்டு என் போனில் செவலையின் பழைய படங்களைப் பார்த்தேன். நான் மேலே குனிந்து தலையைத் தடவும் எல்லாவற்றிலும் அது உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறது.

பொறை போடுவதை நிறுத்தவில்லை. போட்டுவிட்டுப் படியில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். கிட்ட வந்தால் நெஞ்சுப் பக்கம் மூன்று தடவை தடவிவிட்டு நிறுத்திவிடுவேன். நகர்ந்து போனால் கூப்பிட மாட்டேன். போன தீபாவளி ராத்திரி அம்மா ஊரில் இல்லை. எதிர்வீட்டில் சரவெடி வைத்ததும் செவலை படியேறி வந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, என் பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்தது. நான் காலை அசைக்கவே இல்லை.