ஒட்டிக்கொண்ட பழைய பக்கங்களைப் பிரிக்க வழி உண்டா?

கும்பகோணம் வீட்டில், அப்பாவின் அலமாரியில், வருமான வரிக் கையேடுகளுக்குப் பின்னால் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’ கிடைத்தது. ஆனந்த விகடனில் வந்த கதைகளைத் தாத்தா கத்தரித்து பைண்டு செய்து வைத்திருக்கிறார். சிரித்தே பார்த்திராத அப்பாவின் அலமாரியில் இப்படியொரு புத்தகமா! மக்கு என்று பெயரெடுத்த சாம்பு, அசட்டு அதிர்ஷ்டத்திலேயே திருடர்களைப் பிடித்துவிடுகிறான். இரவு இரண்டு மணி வரை தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குமேல் படிக்க முடியவில்லை. சென்ற நவம்பர் மழையில் ஓடு ஒழுகி, நடுவில் சுமார் 30 பக்கங்கள் ஒரே அட்டைபோல் ஒட்டிக்கிடக்கின்றன. செய்தித்தாள் ரகக் காகிதம். ஓரங்கள் பழுப்பேறி நொறுங்குகின்றன. முதுகுப் பக்கம் மைதாப் பசை.

நான்கு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்தேன். உறிஞ்சுதாள் வைத்து அம்மிக்கல்லால் அழுத்தினேன். ஹேர் டிரையர் காட்டியதில் தாள் சுருண்டதுதான் மிச்சம். ஸ்டீல் ஸ்கேலை நுழைத்தபோது எழுத்துகள் அடுத்த பக்கத்தோடு உரிந்து போயின. அத்துடன் கையை எடுத்துவிட்டேன்.

புதிய பதிப்பு வாங்கலாம், தெரியும். தாத்தாவின் பென்சில் குறிப்புகள் அதில் இருக்காதே.

அச்சு உரியாமல் இந்தப் பக்கங்களை வீட்டிலேயே பிரித்தெடுத்தவர் யாராவது இருக்கிறீர்களா, எப்படிச் செய்தீர்கள்?