பிரஷர் ஏறிய கர்ப்பிணிக்குப் பொது ஐசியூ போதுமா?

லேபர்வார்டு_சிஸ்டர்:
34 வாரம், பிரஷர் 170/112, தலைவலி, கண் மங்கல். இப்படி வருபவரைப் பொது ஐசியூவுக்கு அனுப்பினால், 'ரிப்போர்ட் நார்மல்' என்று திரும்பி வருகிறார். சீமாங் மையம் (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) உண்டு, கர்ப்பிணிகளுக்கென்று தனி ஹெச்டியூ (தீவிரக் கண்காணிப்பு வார்டு) இல்லை. கேட்பது நியாயமா?

மயக்கவியல்:
நியாயம்தான் சிஸ்டர். அந்த 'நார்மல்' கர்ப்பம் இல்லாதவருக்கானது. கிரியேட்டினின் கர்ப்பத்தில் 0.4–0.8தான். ரிப்போர்ட் தாளில் 1.0க்குச் சிவப்புக் குறி விழாது, ஆனால் சிறுநீரகம் அடிவாங்கத் தொடங்கியிருக்கும். ஏபிஜியில் (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) கார்பன் டை ஆக்சைடு 28–32 இருக்க வேண்டும். மூச்சிரைக்கும் கர்ப்பிணிக்கு 40 வந்தால் களைத்துப்போகிறார் என்று அர்த்தம், மூச்சுக்குழாயில் டியூப் போடத் தயாராகுங்கள். தொண்டை வீங்கியிருக்கும், சிறிய 6.5, 6 சைஸ் டியூப் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, சலைன். சிறுநீர் குறைந்தால் திறந்துவிடுவது பொது ஐசியூ பழக்கம். பிரீஎக்லாம்ப்சியாவில் (கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய்) அது நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். ரத்தப்போக்கு இல்லையென்றால், மருந்தோடு சேர்த்து மணிக்கு 80 மி.லி.யைத் தாண்டாதீர்கள்.

மகப்பேறு_டாக்டர்:
படுக்கை எதுவானாலும் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. 160/110 பதினைந்து நிமிடம் நீடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் பிரஷரைக் குறைக்க வேண்டும். லேபட்டலால் ஐவி 20 மி.கி., பத்து நிமிடம் கழித்து 40, பிறகு 80. ஆஸ்துமா இருந்தால் அது வேண்டாம். அதற்குப் பதில் நிஃபெடிபின் 10 மி.கி. வாய்வழி. 140/90க்குக் கீழே தடாலென்று இறக்கினால் குழந்தைக்கு ரத்தம் போகாது.

வலிப்பைத் தடுக்க மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட்) 4 கிராம் ஐவி மெதுவாக, கூடவே பிட்டத்துக்கு 5 கிராம் வீதம் இரண்டிலும். பம்ப் இல்லாத ஆம்புலன்ஸுக்கு இந்த முறைதான் தோது. முழங்கால் ரிஃப்ளெக்ஸ் போனாலோ, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறைந்தாலோ, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே போனாலோ அடுத்த டோஸ் கிடையாது. மூச்சு அடங்கினால் 10% கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி., பத்து நிமிடத்தில்.

லேபர்வார்டு_சிஸ்டர்:
நன்றி டாக்டர். ஹெச்டியூ கேட்டால் முதலில் எதை வலியுறுத்துவது?

மயக்கவியல்:
ஆளை. மானிட்டர் வாங்கிவிடலாம், இரண்டு படுக்கைக்கு ஒரு நர்ஸ், இரவிலும், கிடைப்பதுதான் கஷ்டம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016 மகப்பேறு ஹெச்டியூ வழிகாட்டுதலைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். வென்டிலேட்டர் தேவைப்பட்டால் ஐசியூதான், ஆனால் மகப்பேறு டாக்டர் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். அங்கும் பிளேடு, கிளாம்ப், குழந்தைக்கான ஆம்பு பை (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) படுக்கையருகே இருக்கட்டும். இதயம் நின்றால் ஒருவர் கர்ப்பப்பையை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும். 20 வாரம் கடந்திருந்து நாலு நிமிட சிபிஆரில் துடிப்பு திரும்பாவிட்டால், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகாமல் அங்கேயே சிசேரியன்.