பட்டினாவுக்குத் தமிழ்ல என்ன? (ரோமக் காசு லேபிள், அவசரம்)

எல்லாருக்கும் வணக்கம். ரோமப் பேரரசர் காசுக் கண்காட்சிக்கு லேபிள் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. செஸ்டெர்டியஸ், டுபாண்டியஸ்னு காசுப் பேரெல்லாம் அப்படியே வச்சாச்சு, பேரரசர் தலையில இருக்கிற கதிர்முடியும் போன வாரமே முடிவாச்சு. பட்டினாவுலதான் மாட்டிக்கிட்டேன். பழங்காசு மேல தானா படிஞ்சு உள்ளே இருக்கிற உலோகத்தைக் காக்குமே, அது. களிம்புன்னு போடலாமா?

----

> களிம்புன்னு போடலாமா?

தாராளமா போடுங்க தம்பி. இருக்கிற சொல்லை விட்டுட்டு எதுக்குப் புதுசா செய்யணும்? சைவ சித்தாந்தத்துல ஆணவ மலத்துக்கு உவமையே செம்புல இருக்கிற களிம்புதான், திருமூலர் களிம்பறுத்தான்னு நந்தியைப் பாடுறார். களி, களிமண், களிம்பு எல்லாம் ஒரே வேர்னுதான் எனக்குத் தோணுது, மருந்துக் களிம்பும் அந்தக் குழைவுல வந்ததுதான், இதைப் பத்தித் தனியா எழுதுறேன்.

----

ஐயா, சிக்கலே அதுதான். களிம்பு அறுக்க வேண்டியது, பட்டினா காக்க வேண்டியது. நீரோவோட செஸ்டெர்டியஸை லென்ஸ் வச்சுப் பாருங்க, பின்பக்கம் ஜானஸ்ங்கிற ரோமத் தெய்வத்தோட கோயில் கதவு சாத்தியிருக்கும், அந்தக் கதவோட கோடு, சுத்தி இருக்கிற எழுத்து எல்லாம் அந்தப் படலத்துலதான் நிக்குது. புளி போட்டுத் தேய்ச்சா காசு மொழுக்குன்னு ஆயிடும், விலையும் போச்சு. களிம்புன்னு லேபிள்ல பாத்தா ஜனங்க தேய்க்கத்தான் செய்வாங்க. வேணும்னா அந்தப் பேரை வெண்கல நோய்க்கு வைங்க, குளோரைடும் ஈரமும் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியா உதிர்ந்து பேரரசர் மூக்கையே அரிச்சுடும். பச்சைப்படலமும் வேணாம், பட்டினாவுல பழுப்பும் கருப்பும் உண்டு. என் ஓட்டு காலப்படலம்.

----

அகஸ்டஸ் கி.மு. 23 வாக்குல காசைத் திருத்தினப்பவே செஸ்டெர்டியஸ் பித்தளை ஆயிடுச்சு தம்பி, அதுக்கு வந்தாலும் வெண்கல நோய்னுதான் பேரா? படலம்னா எனக்குக் காண்டத்துக்குள்ள வர்றதுதான் ஞாபகம் வருது.

----

பட்டினான்னே விட்டுடுங்களேன். நான் வகுப்புல முன்முகம் பின்முகம்னு சொன்னா பிள்ளைங்க முழிக்கும், பூவா தலையான்னா உடனே புரிஞ்சுக்கும். புரியறதுதானே முக்கியம்?

----

நேரமில்ல. தனிமடல்ல வந்த ஓட்டையும் சேர்த்து காலப்படலத்துக்கு மூணு, களிம்புக்கு ஒண்ணு, பட்டினாவுக்கு ஒண்ணு. முதல் லேபிள்ல மட்டும் "காலப்படலம் (பட்டினா)", மத்ததுல காலப்படலம். எல்லாருக்கும் நன்றி.

----

போடுங்க, ஆனா எனக்கு உடன்பாடில்லைன்னு பதிஞ்சுக்குங்க. செம்போட வினை புரியறது காத்தும் ஈரமும் மண்ணும், காலம் இல்ல. களிம்புதான் சரி. வேர்ச்சொல் கட்டுரை நாளைக்கு அனுப்புறேன்.