யார்க் மதிலில் சுவரே இல்லாத இடம்

போன ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்குப் போயிருந்தேன். அந்த ஊர் மதில்மேல் ஏறி நடக்கலாம், கட்டணம் கிடையாது. மிஞ்சியிருப்பது சுமார் 3.4 கிலோமீட்டர். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் பூத்தம் பார் வாசலில் ஏறி மாங்க் பாரில் இறங்கிவிடுவது என்று முடிவு. (அந்த ஊரில் 'பார்' என்றால் வாசல், 'கேட்' என்றால் தெரு. 'கேட்' வைக்கிங்குகள் விட்டுப்போன சொல்.)

மதிலடி மண்மேட்டுச் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள். வலப்பக்கம் மின்ஸ்டர் பேராலயம் கூடவே வருகிறது. சில இடங்களில் உள்பக்கம் கைப்பிடி இல்லை, அம்மா கையை நான் விடவேயில்லை. மாங்க் பார் வந்ததும், "இன்னும் கொஞ்சம் போலாம்ப்பா" என்றார்.

போனோம். லேயர்த்தோர்ப் பக்கம் மதில் சட்டென்று முடிந்துவிட்டது. சாலை, கடைகள், வண்டிகள். ரோடு போட இடித்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு மனசே ஆறவில்லை. நாயோடு வந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "இங்கே சுவர் கட்டவே இல்லை, தண்ணீர்தான் காவல்" என்றார். வில்லியம் மன்னர் 1069 வாக்கில் கோட்டைக்காக ஃபாஸ் ஆற்றை மறித்து அணை போட, மேலே பெரிய ஏரியும் சதுப்புமாகத் தேங்கிவிட்டதாம். எதிரி நடந்தும் வர முடியாது, நீந்தியும் வர முடியாது. இன்று ஏரி போய் தார்ச்சாலை. எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

ஏரிக்கரை முடிந்த இடத்தில் ரெட் டவர், 1490 வாக்கில் செங்கல்லில் கட்டியது. மற்றதெல்லாம் வெளிர் சுண்ணக்கல். வேலை செங்கல்காரர்களுக்குப் போனதில் கல்தச்சர்களுக்குக் கோபம். கருவிகளை உடைத்தார்கள், செங்கல்காரர் ஒருவர் கொலையே ஆனார். வழக்கில் சிக்கிய கல்தச்சர்கள் விடுதலையாகிவிட்டார்கள். செத்தவரை நினைத்துக்கொண்டு அந்தச் செங்கல்லைப் பார்த்தால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அடுத்தது வால்ம்கேட் பார். வாசலுக்கு முன்னால் நீட்டிக் கட்டிய முன்மதில் இங்கிலாந்தின் நகர வாசல்களில் இங்கே மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மற்ற மூன்று வாசல்களிலும் 19ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளினார்கள். 1644 உள்நாட்டுப் போர் முற்றுகையில் பட்ட குண்டுத் தழும்புகள் கல்லில் அப்படியே இருக்கின்றன. அம்மா ஒரு குழியில் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தார். முதல் கணு வரை உள்ளே போனது.