சலாலாவுக்குக் காரா, பிளைட்டா?

குழு: மேலவீட்டுச் சொந்தங்கள் 🌴

அம்மா (சலாலா, ஓமன்): ஞாயித்துக்கிழமை காலை 9 மணிக்குத் தேவி குழந்தைக்குத் தொட்டில் போடுறோம். முருகேசா எப்ப வர்ற

முருகேசன் (ஷார்ஜா): வெள்ளி டூட்டி முடிஞ்சதும் கெளம்புறோம்மா. கார்ல

அம்மா: கார்லயா

முருகேசன்: காரீஃப் சீசன்மா, சலாலா மழை பாக்க ஊரே கெளம்பும். மூணு பேருக்கு டிக்கெட் போடுற காசுல தொட்டிலை வெள்ளியிலயே செஞ்சிரலாம்

தேவி: செஞ்சிரு ண்ணே 😁

கவிதா: தேவி, உங்கண்ணன் வாய்லயே செய்வார்

கார்த்தி (அபுதாபி): 1200 கிலோமீட்டர் ணே. ஜூலை வெயில்ல

சுந்தரி சித்தி: *பலமுறை பகிரப்பட்டது*
அவசரச் செய்தி!! கடும் வெயில் காரணமாக வாகன டயர்களில் காற்றைக் குறைத்து வைக்கவும். காற்று அதிகம் இருந்தால் டயர் வெடிக்கும். பத்து குழுக்களுக்கு அனுப்பவும் 🙏🙏

பாலு மாமா: கரெக்ட்டு

முருகேசன்: நான் போன வாரமே கொறைச்சிட்டேன் சித்தி. காத்து அழுத்தம் 28 பி.எஸ்.ஐ. வச்சிருக்கேன். வண்டி மெத்து மெத்துன்னு போகுது

ராமலிங்கம் பெரியப்பா: எவன் சொன்னான் 28

முருகேசன்: ரூம்மேட்டா இருந்தவர் ஒருத்தர் பெரியப்பா

பெரியப்பா: எத்தனை மணிக்குக் கொறைச்ச

முருகேசன்: மத்தியானம். துபாய் போயிட்டு வந்து பம்ப்ல நிறுத்தி

பெரியப்பா: இரு டைப் பண்றேன்

கார்த்தி: அப்பா டைப் பண்றாராம். எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க

அம்மா: அரைஞாண்கொடி வாங்கியாச்சா கவிதா

கவிதா: வாங்கியாச்சு அத்தை. காப்புதான் சைஸ் தெரியல

தேவி: படம் போடுங்க அண்ணி

கவிதா: [படம்]

சுந்தரி சித்தி: கொடி மெல்லிசா இருக்கே

கவிதா: 🙂

பெரியப்பா: முருகேசா கவனமாப் படி. நீ கொறைச்சது ஓடி வந்த சூட்டு டயர்ல. காத்து சூட்டுல விரியும். அஞ்சாறு டிகிரி ஏறுனா ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். அதனால ஓடும்போது நாலஞ்சு கூடக் காட்டுறது சாதாரணம், கம்பெனிக்காரன் அதையும் கணக்குல வச்சுத்தான் டயர் செய்றான். அந்த சூட்டுல 28 வச்சா, விடியக்காலம் ஆறுன டயர்ல 24 கூட இருக்காது. காத்து பாக்கணும்னா வண்டி நின்னு மூணு மணி நேரம் ஆயிருக்கணும். டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர் இருக்கும், அந்த நம்பர்தான் வேதம். வெயில்காலத்துக்குத் தனி நம்பர் கிடையாது.

பாலு மாமா: அதிகம் இருந்தா வெடிக்காதா அப்ப

பெரியப்பா: பெரும்பாலும் கம்மியா இருந்தாத்தான் வெடிக்கும் மாப்ள. காத்து கம்மியானா டயரோட பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சு மடிஞ்சு நிமிரும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைச்சா மடிப்புல சுடும்ல, அதேதான். கீழ ரோடு அறுபது, எழுபது டிகிரி. மேல லக்கேஜ். வேகம் 120. உள்ள இருக்கிற கம்பி ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம்னு உரிஞ்சுக்கும். ஜனங்க வெயில் வெடிக்க வச்சுதுன்னு சொல்லும்.

பாலு மாமா: நான் 30 வருஷமா வண்டி ஓட்றேன் மச்சான்

பெரியப்பா: தெரியும். உன் கல்யாணத்தன்னைக்குத் திருமயத்துல நின்ன வண்டியும் தெரியும்

தேவி: 😂😂😂

சுந்தரி சித்தி: முகூர்த்தமே தள்ளிப்போச்சே அன்னைக்கு

பாலு மாமா: அது ஆணி

கார்த்தி: நான் மணல்ல 15 வச்சுத்தானேப்பா ஓட்றேன்

பெரியப்பா: மணல்ல நீ முப்பதுல நாப்பதுல போற. டயர் அகலமாப் பரவணும், அதுக்குக் கொறைக்கிறது. தார் ரோட்ல ஏறுறதுக்கு முன்ன அடிச்சிரணும். லிவா பாலைவனத்துலேர்ந்து கம்ப்ரஸர் வேலை செய்யலன்னு அப்படியே ஓட்டிட்டு வந்தது யாரு

கார்த்தி: அத இங்க எதுக்குப்பா

குமார் (சலாலா): மச்சான் பார்டர்ல ஓமன் இன்ஷூரன்ஸ் பேப்பர் கேப்பாங்க. ஆரஞ்சு கார்டு. மறக்காம

முருகேசன்: எடுத்தாச்சு மாப்ள

குமார்: அம்மா கேக்குறாங்க, தாய்மாமன் வர்றது உறுதிதானேன்னு

முருகேசன்: உறுதி உறுதி

தேவி: வளைகாப்புக்கும் இதேதான் சொன்ன

முருகேசன்: லீவு தரல தேவி. எத்தனை தடவை சொல்றது

அம்மா: இப்ப எதுக்கு அது. நல்ல காரியத்தைப் பேசுங்க

பெரியப்பா: முருகேசா, டயர் தேதி பாத்தியா

முருகேசன்: என்ன தேதி

பெரியப்பா: பக்கச்சுவர்ல DOT-ன்னு ஆரம்பிக்கிற... தமிழ்ல வரமாட்டேங்குது. டி.ஓ.டி. அந்த வரிசை முடியிற இடத்துல நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். படம் எடுத்துப் போடு. நாலு டயரும். ஸ்டெப்னியும்.

கவிதா: அவர் குளிக்கிறார். நான் போறேன்

கவிதா: [படம்] [படம்] [படம்] [படம்]

கவிதா: முன்னாடி ரெண்டும் 0323. பின்னாடி 1820

சுந்தரி சித்தி: 1820 ஆஆ. வெள்ளைக்காரன் காலத்து டயரா

கார்த்தி: 😂 2020-ஓட 18ஆவது வாரம் சித்தி. ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்து டயர்

பெரியப்பா: போன மே மாசமே அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு. அமீரகத்துல அஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டக்கூடாது. பிடிச்சா 500 திர்ஹாம், நாலு பிளாக் பாயின்ட், வண்டி ஏழு நாள் உள்ள.

முருகேசன்: பட்டன் நல்லா இருக்கே பெரியப்பா. தேயவே இல்ல

பெரியப்பா: தேயாதது பெருமை இல்ல. கவிதா, பக்கத்துல கோடு கோடா வெடிப்பு இருக்கா

கவிதா: வலது பக்கம் இருக்கு பெரியப்பா. சாயங்கால வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். மண் கிரவுண்டுலதான் நிறுத்துறோம், ஷெட்டுக்கு மாச வாடகை கேக்குறாங்க

பெரியப்பா: அதான். ரப்பர்ல ஒரு மெழுகு கலந்திருப்பான். சக்கரம் உருண்டாத்தான் அது மேல வந்து படியும், வெயிலையும் ஓசோனையும் தாங்கும். வாரம் முழுக்க ஒரே இடத்துல நின்னா வராது. நின்னே கிடக்கிற வண்டி டயர்தான் சீக்கிரம் வெடிப்பு விடும். ஷெட்டு இல்லாட்டி அந்தப் பக்கம் ஒரு பலகையாவது சாத்து. முன்ன பின்ன நகட்டி நிறுத்து.

பாலு மாமா: நைட்ரஜன் அடிச்சா சூடே ஆகாதாம்

பெரியப்பா: ஊதுற காத்துலயே நூத்துக்கு 78 நைட்ரஜன்தான் பாலு. கசிவு கொஞ்சம் கொறையும். சூட்டுல அதுவும் இதே மாதிரிதான் விரியும்.

பாலு மாமா: சரி விடுங்க நமக்கென்ன தெரியும்

சுந்தரி சித்தி: ஆரம்பிச்சிட்டாங்க

பெரியப்பா: 🎤 குரல் பதிவு 3:52

கார்த்தி: யாராவது கேட்டுச் சுருக்கம் சொல்லுங்க

தேவி: பாப்பா தூங்குது. நான் கேக்க முடியாது

பெரியப்பா: அப்ப எழுதுறேன். 1999-ல நான் தமாம்ல இருந்தப்ப. ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டி, ஃபயர்ஸ்டோன் டயர். சவுதி ஹைவேயில ரப்பர் உரிஞ்சு வண்டி உருளுதுன்னு புகார். ஃபோர்டு சவுதியிலயும் வளைகுடாவுலயும் டயரை மாத்திக் குடுக்க ஆரம்பிச்சான். அமெரிக்காவுல 2000 ஆகஸ்ட்லதான் 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்குறோம்னு அறிவிச்சாங்க. அந்த டயரால அங்க இருநூறு பேருக்கு மேல செத்தது பின்னால தெரிஞ்சுது. டயர் மேலயும் குறை இருந்துச்சு. ஆனா அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன காத்து எவ்வளவு தெரியுமா? 26. சொகுசா மெத்துன்னு போகணும்னு, வண்டி கவிழாம இருக்கணும்னு. டயர் கம்பெனி 30 இருக்கணும்னுச்சு. கம்மிக் காத்து, வெயில், வேகம், பாரம், நாலும் சேர்ந்துச்சு. முருகேசன் வண்டியிலயும் இப்ப நாலும் இருக்கு.

கவிதா: நானும் எங்க பாப்பாவும் பிளைட்ல போறோம்

முருகேசன்: ஏ கவிதா

கவிதா: 24-ல வச்சுட்டு மெத்து மெத்துன்னு போகுதுன்னு சொல்றார் பெரியப்பா இவர்

கார்த்தி: 😂

அம்மா: டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திட்டு வா முருகேசா

பெரியப்பா: எலுமிச்சம்பழமும் வைக்கட்டும். முதல்ல காத்து வைக்கட்டும்.

முருகேசன்: ஸ்டிக்கர்ல 33 போட்டிருக்கு. ஃபுல் லோடுக்குப் பின்னாடி 36

பெரியப்பா: லக்கேஜோட போற, பின்னாடி 36 வை. காலைல வண்டி எடுக்குறதுக்கு முன்ன. வழியில சூட்டுல 40 காட்டுனா பயந்து பிடுங்கி விடாத. நிறுத்துற இடத்துல எல்லாம் நாலு டயரையும் புறங்கையால தொட்டுப் பாரு, ஒண்ணு மட்டும் அதிகமாச் சுட்டா அதுல காத்து இறங்கியிருக்கலாம்.

பாலு மாமா: ரெண்டு டயர்தானே பழசு. புதுசு ரெண்டு வாங்கி முன்னாடி போட்டுட்டு இருக்கிறதைப் பின்னாடி தள்ளு

பெரியப்பா: புதுசு பின்னாடிதான். பின்னால வெடிச்சா வண்டி சுத்திரும், ஸ்டீரிங்ல பிடிக்க முடியாது

பாலு மாமா: இழுக்கிற சக்கரம் முன்னாடி மச்சான்

பெரியப்பா: இழுக்குறதுக்கு இல்ல பாலு, நிக்கிறதுக்குச் சொல்றேன்

சுந்தரி சித்தி: ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கங்க

கார்த்தி: அண்ணே ஸ்டெப்னி தேதி போடவே இல்ல

முருகேசன்: [படம்]

கார்த்தி: 4116 🙏

பெரியப்பா: ஒன்பது வருஷம். அது வண்டியோட வந்தது. ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும். ஓமன் பாலைவனத்துல ஹைமாவுக்கும் தும்ரைத்துக்கும் நடுவுல அதை மாட்டி என்ன பண்ணுவ

முருகேசன்: அப்ப மூணு டயர். பிளைட்டே மலிவு போலிருக்கு

தேவி: வா ண்ணே. எதுலயாவது வா

கார்த்தி: சாயங்காலம் கெளம்பாத. ஓமன்ல ஆதம்ங்கிற ஊர் தாண்டி ராத்திரி ஒட்டகம் நிக்கும், லைட்ல கிட்ட போனாத்தான் தெரியும்

பெரியப்பா: பகல்ல ஓட்டுனா வெயில்

கார்த்தி: அதுக்குத்தான் வெள்ளிக்கிழமை லீவு போட்டு விடியக்காலம் மூணு மணிக்கு எடுக்கணும். அமீரக ஹைவேல வேலி இருக்கு. விடியறப்ப பார்டர் தாண்டியிருக்கலாம். மத்தியானம் ஹைமால படுத்துட்டு, மறுநாள் விடியக்காலம் சலாலா

முருகேசன்: லீவா. மறுபடியுமா

குமார்: ஹைமால ரூம் நான் பேசுறேன் மச்சான்

அம்மா: கார்த்தி நீயும் கூட வாயேண்டா. மாத்தி மாத்தி ஓட்டலாம்

கார்த்தி: பாக்குறேன் சித்தி

சுந்தரி சித்தி: பாக்குறேன்னா வரலன்னு அர்த்தம். அவங்கப்பா மாதிரியே

பெரியப்பா: நான் எப்ப வரல

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கவிதா: என்ன சித்தி அழிச்சீங்க

சுந்தரி சித்தி: ஒண்ணுமில்லம்மா கை பட்டுருச்சு

முருகேசன்: பெரியப்பா, இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒருத்தன் மூணும் சேத்து 300 திர்ஹாம்ங்கிறான். பள பளன்னு இருக்கு. [படம்]

பெரியப்பா: பழசைக் கழுவி பாலிஷ் அடிச்சிருக்கான். வெடிப்பு தெரியாம இருக்கத்தான் அந்தப் பளபளப்பு. நம்பர் காட்டச் சொல்லு

முருகேசன்: நம்பர் இருக்கிற பக்கம் உள்பக்கமா இருக்குன்னு சொல்றான்

பெரியப்பா: எந்திரிச்சு வா. புது டயர் கடைக்குப் போ. அங்கயும் நம்பர் பாத்துட்டுத்தான் காசு. வெப்பத்துக்கு ஏ கிரேடு போட்டிருக்கான்னு பாரு, ஏ, பி, சி-ன்னு இருக்கும், ஏ-தான் அதிகமாச் சூடு தாங்கும்.

கவிதா: பெரியப்பா புது டயர் விலை என்ன வரும்

முருகேசன்: நீதான் பிளைட்ல போறியே, உனக்கென்ன

கவிதா: டிக்கெட்டும் உங்க கார்டுதான்

தேவி: 😂😂

அம்மா: அப்ப யார் யாரு எதுல வர்றீங்க? இங்க சமையலுக்குத் தலை எண்ணிச் சொல்லணும்

முருகேசன்: நாளைக்கு டயர் கடைக்குப் போயிட்டுச் சொல்றேன்மா

குமார்: மச்சான் ரூம் ஒண்ணா ரெண்டா?

கார்த்தி: ஒண்ணு போதும். நான் வந்தா கீழ படுத்துக்குறேன்

சுந்தரி சித்தி: *பலமுறை பகிரப்பட்டது*
வெயிலில் நிற்கும் காரில் ஏறியதும் ஏ.சி. போடாதீர்கள்!! மருத்துவர்கள் எச்சரிக்கை...

பெரியப்பா: இரு டைப் பண்றேன்