‘கெட்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை விளக்க உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே, தமிழ்வழியில் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ‘கெட்’ என்ற வினைச்சொல்லை அவர்களுக்கு விளக்குவதில் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசும் இப்பிள்ளைகள், மலையாளத்தின் ‘கிட்டுக’ என்ற சொல்லை அப்படியே அதன்மேல் பொருத்திவிடுகிறார்கள். ‘ஐ காட் எ லெட்டர்’ என்பதற்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றவுடன், இருட்டு யாருக்குக் கிடைத்தது என்று கேட்கிறார்கள். (கேள்வி நியாயமானதுதான்.) அங்கே ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுவதையே அச்சொல் குறிக்கிறது என்றதும் புரிந்துகொண்டார்கள். ‘கெட் அப்’, ‘கெட் ஆஃப்’ போன்றவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

என்னைத் திணறவைப்பது வேறொன்று. ‘ஹி காட் த பம்ப்செட் ரிப்பேர்ட்’ என்றால், அவர் ஆள் வைத்துப் பம்புசெட்டைப் பழுதுபார்த்தார் என்று பொருள். அதே அமைப்பில் வரும் ‘ஹி காட் ஹிஸ் நோஸ் புரோக்கன்’ என்பதிலோ, மூக்கை உடைத்துக்கொள்ள எவரும் ஆள் அமர்த்துவதில்லை. ஒன்று அவராகச் செய்வித்தது, மற்றொன்று அவருக்கு நேர்ந்தது என்பதைச் சூழலைக் கொண்டு மட்டுமே அறிய முடியுமா, அல்லது வாக்கியத்திலேயே அடையாளம் ஏதேனும் உண்டா?

மேலும், இவ்விடங்களில் ‘கெட்’டுக்குப் பதிலாக ‘ஹேவ்’ வரும்போது, சற்று முறைசார்ந்த நடை என்பதைத் தவிரப் பொருளிலும் வேறுபாடு உண்டா என்பதை, தேர்வில் எழுதத்தக்க எடுத்துக்காட்டுகளுடன் யாரேனும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.