புதுப்பிப்பு: சிடி 100 எதிர் பல்சர் 150, ஓடிப் பார்த்தாச்சு

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கும் வயலுக்கும் ஓட, பாரம் குறைந்த மோட்டார் சைக்கிளா, பெரிய ராங்கி (பெற்றோல் தாங்கி) உள்ளதா நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, பாரம் குறைந்த சிடி 100, பெரிய ராங்கி உள்ள பல்சர் 150 இரண்டையும் இரவல் வாங்கி ஓடினேன்.

பல்சர் ராங்கியில் 15 லீற்றர் பிடிக்கும், சிடியில் 10.5. ஆனால் என் ஓட்டத்துக்குப் பல்சர் லீற்றருக்கு 42 கிலோமீற்றர்தான் தந்தது, சிடி 65. பெருக்கிப் பாருங்கள்: 630, 682. சின்ன ராங்கிதான் தூரம் போகுது!

பாரம் இன்னொரு கதை. பல்சர் கிட்டத்தட்ட 30 கிலோ கூட. ராங்கி நிரம்பினால் பெற்றோல் மட்டும் 11 கிலோ. மழைக்குப் பிறகு வயல் வரம்படியில் புதைந்தது. தம்பியும் நானும் தூக்கி எடுத்தோம், செருப்பு ஒன்று இன்னும் சேற்றுக்குள்ளே. சிடியைத் தனியாகவே இழுத்துவிட்டேன்.

ஒட்டுசுட்டான் தார் வீதியில், பின்னுக்கு ஆளோடு போக, பல்சர்தான் சுகம். எனக்கு வயல்தான் முக்கியம். பழைய சிடி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.